நார்மல் என்றதும் கைதட்டினோம்

என் வீட்டுக்காரர் தேவராஜ் பஸ் டிரைவர். காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்தவர் இல்லை. தொண்ணூறுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். டெப்போவில் நடந்த ரத்ததான முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இனிமேல் தானம் செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியாம், ஹெபடைடிஸ் பி. கண்ணில் மஞ்சளே இல்லையே என்று அவர் சிரித்தார். நான்தான் மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி ஈரலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும், சிலருக்குப் புற்றுநோய்க் கட்டியில் கொண்டுபோய் விடும். ஏ.எஃப்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கட்டி இருந்தால் அந்த அளவு பெரும்பாலும் ஏறும். அதையும் ஸ்கேனையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து எடுக்க வேண்டும்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலம், ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபை அடையாறில். சபையே எங்களுக்காக உபவாசம் இருந்தது. ரத்த ரிசல்ட் வந்தது. நார்மல். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டு அழுதேன்.

"ஸ்கேனையும் எடுத்துடுங்க. கட்டி இருந்தும் சில பேருக்கு இந்த அளவு ஏறாது," என்றார் டாக்டரம்மா. ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நடுவில் ஞாயிறு வந்துவிட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஜெபம் கேட்கப்பட்டால் அந்த ஞாயிறே எழுந்து சாட்சி சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நன்றி கெட்டதனம் என்பார்கள். இவர் எழுந்து, "ஆண்டவர் என் ரத்தத்த சுத்தம் பண்ணிட்டாரு," என்றார். எல்லாருக்கும் முன்னால் அவருடைய தம்பி ஜான்சன் கைதட்டினான். அப்புறம் மொத்தச் சபையும் தட்டியது. நானும் தட்டினேன்.

மறுநாள் காலையில் ஸ்கேனுக்குக் கிளம்பச் சொன்னேன்.

"இன்னா ராணி நீ? நேத்து அத்தினி பேரு முன்னால சாட்சி சொல்லிக்கினு, இன்னிக்கி ஸ்கேன் ரூமாண்ட போய் நின்னா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? ஆண்டவர நம்பலேன்னு ஆயிடாது?"

நான் வாய்க்காரி. காய்கறிக்காரரிடம் மல்லுக்கு நின்றால் அவர்தான் இறங்கி வருவார். அன்றைக்கு ஸ்கேன் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்கும் உள்ளே அதே பயம்தான்.

அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனைக்கும் அவர் போகவில்லை. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயம் வலது விலாவுக்குக் கீழே வலி என்றார். ஆள் இளைத்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். ஈரலில் பாதிக்குமேல் கட்டி. ரத்தத்தில் அந்த அளவு அப்போதும் நார்மல்தான். "இவருக்கு ஸ்கேன்லதாம்மா தெரிஞ்சிருக்கும்," என்று டாக்டரம்மா சொன்னதை எழுதும்போது இன்றும் நெஞ்சு எரிகிறது.

பிறக்கும்போதே தாயிடமிருந்து கிருமி வந்திருக்கலாம், கூடப்பிறந்தவர்களையும் சோதியுங்கள் என்றார்கள். எனக்கும் என் பெண்ணுக்கும் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டார்கள். ஜான்சனுக்கு இருந்தது. அவனுக்கும் ஏ.எஃப்.பி. எடுத்தார்கள். நார்மல்.

"எனக்குப் பயமா கீது அண்ணி. நார்மல்னு வந்துட்ச்சே, அத்தோட வுட்டுடலாம்," என்றான். ஸ்கேன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

படுக்கையில் இருந்த இவர் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார். "என் தம்பிய காப்பாத்துப்பா," என்பது மட்டும்தான் கேட்டது. தனக்காக ஒரு வார்த்தை இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ராணி, ஞாயித்துக்கெழம சபைக்குப் போ. நான் சொன்ன சாட்சி பாதிதான்னு சொல்லு. ஸ்கேன் எடுக்காம சொல்லிட்டேன்னு சொல்லு. தம்பி காதுல வுழணும், அவன் இருக்கசொல்லோ சொல்லு."

போனேன். எழுந்து அப்படியே சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் கலைந்ததும் ஜான்சன் பக்கத்தில் வந்து, "நாளைக்கு நீங்களும் கூட வர்றீங்களா அண்ணி?" என்று கேட்டான்.

ஸ்கேனில் இலந்தைப்பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். சேதி சொன்னபோது இவர், "அவ்ளோ சின்னதாவா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அழுதார். ஜான்சனுக்குத் தையல் பிரிக்கும் முன்பே இவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். என்னுடையதை ஏன் கேட்கவில்லை என்று அழுதழுது ஓய்ந்துவிட்டேன். முன்பெல்லாம் நல்ல சேதி தாரும் என்றுதான் கேட்பேன். இப்போது, உள்ளதைக் காட்டும், அதைத் தாங்கப் பலமும் தாரும் என்று கேட்கிறேன். தருகிறார். பிரியமானவர்களே, நீங்களும் அப்படி அவரை நம்பிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து வரிசையில் நிற்கிறேன்.

ஜான்சன் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறான். சபையில் எழுந்து, "ரத்தம் நார்மல்," என்பான். உடனே யாராவது ஒருவர், "ஸ்கேன்?" என்று கேட்பார். அதற்கும் பதில் வந்தபிறகுதான் ஸ்தோத்திரம். அந்த ஒரு வார்த்தை காதில் விழும்போதெல்லாம் நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அத்தனை பேர் கைதட்டினோம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை.