தையல் இல்லாத வைத்தியம்

மணிக்கட்டில் சின்னதாக ஓட்டை போட்டு, கருப்பையில் இருக்கிற கட்டியைப் பட்டினி போட்டே சுருக்கிவிடுகிறார்களாம். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர், தன் ஓரகத்தியின் சிநேகிதி சொன்னதாகச் சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"எத்தனை தையலாம்?" டேப்பைச் சுற்றியபடி அக்கா கேட்டாள்.

"ஒரு தையல்கூடக் கிடையாதாம்."

"அடப்பாவிங்களா, நம்ம பொழப்புல மண்ணு!"

தையல் கடையே சிரித்தது. பக்கத்து மிஷினில் இருந்த தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டன் ஓட்டைகளைப் பிசிறில்லாமல் எடுப்பதால் கடையில் அவளுக்குக் காஜா என்றே பேர். அக்காவுக்கு மட்டும் குட்டி.

அக்காவுக்கும் அதே கட்டிதான் வந்தது. கருப்பையையே எடுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைக்காகக் காத்திருந்த மாமா கொஞ்ச நாள் முகம் கொடுத்தார். அப்புறம் வெளியூர் வேலைக்குப் போனவர் போனவர்தான்.

இப்போது காஜாவின் முறை. நாற்காலியில் கறுப்புத் துணியை மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள். எழுந்ததும் அக்காவைப் பார்ப்பாள். அக்கா அவள் பாவாடையின் பின்பக்கம் கண்ணை ஓட்டி, "சுத்தம்" என்பாள். "எடுத்துப் போட்டுடு குட்டி. நான் எடுத்தேனே, செத்தா போயிட்டேன்?" என்றும் சொல்வாள்.

டீச்சர் சொன்ன வைத்தியத்தை விசாரிக்கக் காஜா தனியாகப் போனாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், எல்லாருக்கும் இது ஒத்துவராது, உங்களுக்குத் தோதாக இருக்கிறது என்றார். காஜா கேட்ட முதல் கேள்வி, "எங்க அக்காவுக்கும் ஒத்துவந்திருக்குமா?"

அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "பழைய ஸ்கேனைப் பார்க்காம சொல்ல முடியாதும்மா."

அந்தத் திறந்து மூடிய வாயை அக்காவிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது? அதனால் பொய் சொன்னாள்: "மணிக்கட்டு வலிக்குதுக்கா. காட்டிட்டு வர்றேன்."

"காஜா எடுத்தே கை தேஞ்சுபோச்சுடி உனக்கு," என்று அக்கா அந்த மணிக்கட்டையே மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அதே இடத்தில்தான் மறுநாள் ஊசி இறங்கியது. நூல் போன்ற குழாயை உள்ளே ஓட்டி, கட்டிக்கு ரத்தம் போகிற வழியை மணலைவிடப் பொடியான எதையோ வைத்து அடைத்தார்கள். பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல அடிவயிறு முறுக்கியது. மாத்திரை கொடுத்து, சொன்னபடியே சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாடி வீட்டிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். கையில், மிச்சத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த மணிக்கட்டுப் பட்டை.

"இதைக் கட்டிக்கிட்டுத் தை, வலி தெரியா..."

கட்டிலில் காஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். மணிக்கட்டில் பிளாஸ்டர். அக்கா இரண்டையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மெல்லத் திருப்பினாள்.

"டீச்சர் சொன்னதா?"

"ம்."

"தையல் இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லதுதான்." பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். "சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? கூட வந்து உக்காந்திருப்பேனே, குட்டி."

"அக்கா, நான் எதுக்குச் சொல்லலைன்னா..."

"தெரியுது. தூங்கு."

பட்டையைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். சற்று நேரத்தில் மேலே மிஷின் ஓட ஆரம்பித்தது. நிறுத்தாத ஓட்டம், துணி வைத்துத் தைப்பவர்கள் அப்படி ஓட்ட மாட்டார்கள்.

எழுந்து படியேற முடியவில்லை. காஜா போனை எடுத்து அக்காவை அழைத்தாள். தலைக்கு மேலே மணி அடிப்பது கூரை வழியாகவே கேட்டது. மிஷின் நின்றது.

மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.