மூன்று கட்டையில் பாடுகிறேன்

ஐம்பதைத் தாண்டிய பிறகு என் குரல் இறங்கியது. நோய் ஒன்றும் இல்லை, வயதுதான் என்றார் மருத்துவர். இள வயதிலிருந்தே நான் ஐந்து கட்டையில் பாடியவள். கட்டை என்பது பாடுகிறவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம். பாடகிக்கு ஐந்து என்றால் ஒரு மதிப்பு. இப்போது மேல் பஞ்சமத்துக்குப் போனால் குரல் பிளந்தது. மூன்றுக்கு இறக்கிப் பாடிப் பார்த்தேன். அங்கே அது தடிப்பாகவும் நிறைவாகவும் நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது.

பிடிக்காதவர்கள் மற்றவர்கள்தான். எங்கள் பக்கத்துப் பாடகிகள் வயதைக்கூடச் சொல்லிவிடுவார்கள், கட்டை இறங்கியதைச் சொல்லமாட்டார்கள். சுருதிப் பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி வைப்பார்கள். மேலே எட்டாவிட்டால் சளி என்பார்கள். அப்படி வருடம் முழுக்கச் சளி பிடித்திருந்த சிலர் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. பாடசாலைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டார்கள். எனக்கும் அந்த நடுவர் கதிரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த நேரத்தில்தான் செட்டிபாளையத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாடக் கேட்டார்கள். குரல் இறங்கிய பிறகு எனக்கு வந்த முதல் மேடை. அங்கே தடுமாறினால் எங்கள் வாவியின் இரண்டு கரை ஊர்களிலும் என் கதை முடிந்தது என்று தெரியும். எனக்கு எப்போதும் மிருதங்கம் வாசிப்பவர் வவுணதீவுக்காரர், வேளாண்மையும் செய்கிறவர். இனி மூன்று கட்டை என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஓம் டீச்சர் என்றார்.

மேடையில் சுருதிப் பெட்டியை மூன்றில் வைத்தேன். வயலின் வாசிக்கும் பெண் கம்பிகளை இறக்கிச் சேர்த்துக்கொண்டாள். மிருதங்கக்காரர் தன் வாத்தியத்தைத் தட்டினார். கணீரென்று ஐந்து கட்டை. மிருதங்கத்தைத் தட்டிக்கொட்டி அரைக் கட்டை இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் தோல் தளர்ந்து தகரம்போலச் சத்தம் போடும்.

மூன்றுக்குச் சேரும் மிருதங்கம் அவர் வீட்டில் இருந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்தார். சபையில் என் கட்டை இறங்கியது தெரிந்தால் எனக்கு அவமானம், மேடையில் ஏறியதும் நானே மனம் மாறி ஐந்துக்கு வந்துவிடுவேன் என்று நினைத்ததாகக் காதுக்குள் சொன்னார். மரியாதை செய்திருக்கிறார் மனிசன். அந்த மரியாதையைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

கோயில் பொறுப்பிலிருக்கும் வண்ணக்கர் மேடை ஓரத்தில் வந்து குனிந்தார். எப்படியாவது ஐந்தில் சமாளிக்கச் சொன்னார். சின்னச் சின்னப் பாட்டாகப் பாடலாம், மேலே போக வேண்டாம், சனத்துக்கு விளங்காது என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் என் குரலைப் பல காலமாகக் கேட்டு வருகிறவர்கள். அவர்களுக்கா விளங்காது?

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே இழுத்தேன்.

"என்ட குரல் இறங்கிட்டு. முந்தி அஞ்சு கட்டை, இப்ப மூண்டு. மிருதங்கம் அஞ்சில வந்திரிக்கி. நான் மூண்டிலதான் பாடுவன். அதனால இண்டைக்கு மிருதங்கம் இல்ல."

யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடினேன். தாளம் இல்லாமல் பாடக்கூடியவை ஆலாபனையும் விருத்தமும். வழக்கமாக அவை பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வந்துபோகும். அன்றைக்கு அவைதான் கச்சேரி. தோடி ராகத்தை எடுத்தேன். கீழ்த் தைவதத்தில் போய் ஆறுதலாக உட்கார்ந்தேன். ஐந்து கட்டைக் காலத்தில் அந்த இடத்தில் எனக்கு வெறும் காற்றுத்தான் வரும். பிறகு மேலே ஏறினேன். மேல் பஞ்சமத்தில் மூச்சு உள்ளவரை நின்றேன். குரல் பிளக்கவில்லை. அடக்கமாக இருக்க வேண்டிய இடம்தான், ஆனாலும் வண்ணக்கரைத் தேடி ஒரு பார்வை பார்த்தேன்.

சிலர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் கடைசி விருத்தம் வரை இருந்தார்கள். மிருதங்கக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இருவரும் ஒரே ஓட்டோவில் திரும்பினோம். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சனத்துக்குச் சொல்லாம விட்டிரிக்கலாம் டீச்சர். இனி ஆரும் கூப்பிடமாட்டாங்க."

கூப்பிடாவிட்டால் வீட்டு வாசலில் இருந்து பாடுவேன், ஒளித்து வைத்துப் பாட இனி என்னால் ஏலாது என்றேன். அவர் வெளியே பார்த்தபடி, தன் விரல்களும் இப்போது முன்போல ஓடுவதில்லை என்றார். வேகமான இடங்களில் பாதியை விழுங்கி வாசிக்கிறாராம். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம்.

எனக்கு அவர் மேலிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"அப்ப ரெண்டு பேரும் மெதுவாவே செய்வம் அண்ணன்," என்றேன். "கேக்க ஏலாதவன் எழும்பிப் போகட்டும்."