வெர்னா எழுதாத பதில்

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், செவிலியர் படிப்புக்கு மருந்தளவுக் கணக்கைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வந்தாள் வெர்னா ஹால்வர்சன். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் பக்கத்து மாநிலம் மொன்டானாவிலிருந்து ட்ரூடி என்ற பெண் போன் செய்தாள்.

“மேடம், நான் கேட்ட கணக்குக்கு நீங்க நேத்து அனுப்பின பதில்படி போட்டா குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து வருது. நான்தான் தப்பா போடறேனா?”

“நான் எதுவும் அனுப்பலையேம்மா. நீ எந்த வகுப்பு?”

“ஆன்லைன்ல. உங்க பேர்தான் போட்டிருக்கு. வீடியோல நீங்கதானே பேசறீங்க!”

மூன்று வருஷத்துக்கு முன் பனிப்புயல் விடுமுறைக்காக வெர்னா பதிவு செய்த பாடம் அது. பல்கலைக்கழகம் அதைத் தூக்கி ஆன்லைன் படிப்பு நடத்தும் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அவள் பேரில் பதில் எழுதியது அங்கே யாரோ. போனிலேயே கணக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டு, படிப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரி கிளிஃபர்ட் ஓட்ஸின் அறைக்கு நேரே போனாள்.

“ஒப்பந்தம் ரகசியம், வெர்னா. ஒரு பொண்ணு போன் பண்ணினதுக்கு ஊரைக் கூட்டாதீங்க.”

“கூட்டத்தான் போறேன், கிளிஃப்.”

அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. இந்த ஒப்பந்தங்களை ஆசிரியர்களும் படித்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு மனு எழுதி, தாழ்வாரத்தில் கண்டவரையெல்லாம் நிறுத்திக் கையெழுத்துக் கேட்டாள். அரசியல் துறை காஸ்பர், “அதையெல்லாம் நாமளே படிக்கணும்னா நமக்குத்தான் வேலை ஏறும்” என்று நழுவினார்.

நவம்பரில் ஆசிரியர் பேரவையில் ட்ரூடிக்கு வந்த கணக்கையும் பதிலையும் வாசித்தாள். “இப்ப நீங்களே போட்டுப் பாருங்க” என்று காத்திருந்தாள். பேனாக்கள் ஓடின, ஒவ்வொன்றாக நின்றன. காஸ்பர் நிமிர்ந்து, “இது உன் பேர்லயா போச்சு?” என்றார். இனி இப்படிப்பட்ட எந்த ஒப்பந்தத்தையும் ஆசிரியர் குழு முழுக்கப் படித்துச் சம்மதித்த பிறகே புதுப்பிக்கலாம் என்ற தீர்மானம் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தேறியது.

புதுப்பிக்கவேண்டிய முதல் ஒப்பந்தம், மருந்தளவுப் பாடத்தினுடையது, ஒரு வெள்ளி மாலை கிளிஃபர்டிடமிருந்து குழுவுக்கு வந்து விழுந்தது. நூற்று நாற்பது பக்கம். திங்கள் காலைக்குள் பதில் வேண்டுமாம். குழுவில் இருந்த வெர்னா ஞாயிறு சர்ச்சுக்கும் போகாமல் படித்தாள். பாடத்தின் கேள்வி பதிலைத் துறை பார்க்கவேண்டும் என்று எங்குமே இல்லை. குழு மறுத்தது. மருந்தளவுப் பாடம் துறைக்குத் திரும்பியது; ஜனவரியில் எண்பத்து மூன்று ஆன்லைன் மாணவர்கள் அவள் தலையில்.

அதே கம்பெனியிடம் போயிருந்த வேறு துறைகளின் நான்கு பாடங்களுக்கு ஒப்பந்தக் கெடு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அங்கே யார் பேரில் யார் என்ன பதில் எழுதுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் துறைகளின் கதவுகளைத் தட்டத் தொடங்கினாள்.