வாசலில் ஒரு மஞ்சள் கோடு

போன வாரம் என் அண்ணன் மகள் செல்வி போனை முகத்துக்கு நேரே நீட்டி, "அத்தை, நீங்க வேல பாத்த கடதான இது?" என்றாள். அதேதான். பம்பாயில் அதன் கடைசிக் கிளையையும் மூடிவிட்டார்களாம். கூடவே கடையின் வரலாறும் போட்டிருந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒற்றைக் கடையாக ஆரம்பித்து, ரயில் போகிற ஊருக்கெல்லாம் போய், நாடு முழுக்க ஒரே போர்டு, ஒரே விலை என்று பேர் வாங்கிய கதை. கடைசியில் கிளைகள் இருந்த ஊர்களின் பட்டியல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை தேடினேன். அருப்புக்கோட்டை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் கிளையை மூடியே எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் வந்தது.

அந்தக் கடைக்கென்று ஒரு வாசனை உண்டு, புதுத்துணிக் கஞ்சியும் பினாயிலும் கலந்து. பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறி, கசங்காமல் போய் இறங்குவதே ஒரு வித்தை. வெளிர் நீல யூனிஃபார்ம் சேலை. என்னை நர்ஸ் என்று நினைத்துத் தலைவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒன்றிரண்டு பேருக்கு மாத்திரை பேர் சொல்லியிருக்கிறேன்.

டெல்லியானாலும் அருப்புக்கோட்டையானாலும் கடைச் சட்டம் ஒன்றுதான். பாய் விரித்து உட்கார வைத்துச் சேலை காட்டக் கூடாது. விலை குறைக்கக் கூடாது. பில் போடாத துணி வாசலைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டையும் எங்கள் சனம் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டது. மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கியது. எங்கள் பக்கம் கல்யாணச் சேலையை வெயிலில் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள். டியூப் லைட்டில் அரக்காகத் தெரிவது வெயிலுக்குப் போனால் கருப்படிக்கும். முகூர்த்தச் சேலையில் கருப்பு ஆகாது. மழைக்குத்தான் எங்களிடம் பஞ்சம், வெயிலுக்கு என்ன குறை? அதைக்கூடக் காட்ட மாட்டேன் என்றால் என்ன கடை என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். அண்ணன் வேலை பார்த்த மில்லை அப்போது பூட்டிவிட்டார்கள். வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்ற அம்மா புருஷனோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். சொந்தபந்தத்தோடு எடுக்க வருமுன் ஒரு நடை பார்த்துப் போக வந்தவர், அரக்குச் சேலை ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏத்தா, இத வெயில்ல காட்டு."

மேனேஜர் சென்னைக்காரர். "வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. எங்க கலரெல்லாம் கேரண்டி" என்றார்.

"அப்ப வேணாம்யா" என்று அந்த அம்மா திரும்பிவிட்டார். எனக்கு என்ன வந்ததோ, "நானே கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன் சார்" என்று சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

பேச்சியம்மாள் முந்தானையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு மெதுவாக, "எனக்குக் கண்ணுல பொர விழுந்திருக்கு. இவுகளக் கேட்டா எல்லாமே செவப்புத்தாம்பாக. நீ சொல்லுத்தா, கருப்படிக்குதா?" என்றார்.

அடித்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கருப்பு. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை நிலைத்துவிடும். வாய்வரை வந்ததுதான்.

"அடிக்குதும்மா" என்றேன்.

அவர் என் தோளிலிருந்த சேலையை மடித்துக் கையில் கொடுத்தார். புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

மேனேஜர் விளக்கக் கடிதம் கேட்டார், அதுவும் இங்கிலீஷில். 'ஐ' என்று எழுதியதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரே மீதியை எழுதி, கையெழுத்து வாங்கி, தலைமை ஆபீசுக்கு அனுப்ப எடுத்து வைத்துக்கொண்டார். என்னைத் துண்டு, போர்வைப் பக்கம் தள்ளினார். வீட்டில் சொல்லவில்லை. தினமும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டே போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடை வாசலில் ஒரு பஸ் சனம். முன்னால் பேச்சியம்மாள்.

"வெயில்ல காட்டுன பிள்ள எங்க?"

வேறு பெண்ணைக் காட்டினார் மேனேஜர். "அவ இல்ல. கருப்படிக்குதுன்னு சொன்னாள்ல, அவ வரட்டும்."

என்னைப் போர்வைகளுக்கு நடுவிலிருந்து கூட்டிவந்தார்கள். அன்று மத்தியானம்வரை ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன். மூக்கு உரிந்துவிட்டது. ஆகாதது என்று நான் ஒதுக்கியதை மேனேஜரே வாங்கி உள்ளே அடுக்கினார். சாயங்காலம் அந்தக் கடிதத்தை என் முன்னாலேயே கிழித்தார். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

அதற்கடுத்த வாரம் போர்டுக்கு அடித்து மீந்த மஞ்சள் பெயிண்டில், வாசலுக்கு வெளியே, வெயில் விழுகிற இடத்தில் அவரே குனிந்து ஒரு கோடு போட்டார். பில் போடாத சேலை அதுவரை வரலாம். தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி என்ன கோடு என்று கேட்டதற்கு, "கூட்டம் வரிசையா நிக்கிறதுக்கு சார்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், காதெல்லாம் சிவந்துவிட்டது.

செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். சேலையைப் போனிலேயே எடுத்துவிட்டாள். கடை இருந்த கட்டடத்தில் இப்போது பார்சல் ஆபீஸ். நேற்று நான்தான் போய் வாங்கினேன். வாசலிலேயே பிரித்து, தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்கு நடந்தேன். கீழே வழவழவென்று டைல்ஸ், கோடு எங்கே இருக்கிறது? ஆனாலும் நாலாவது எட்டில் கால் தானாக நின்றுவிட்டது.

"ஏம்மா நின்னுட்டீக? கலர் புடிக்கலன்னா திருப்பி அனுப்பிருங்க" என்றான் பார்சல் பையன்.

சேலை நல்ல அரக்கு. கருப்படிக்கவில்லை. அடிக்குதா என்று என்னைக் கேட்கத்தான் பக்கத்தில் யாருமில்லை.