பங்காளி அறைக்குள் பூனை

எலிகளுக்காகத்தான் பூனை. எலிகள் குடியிருந்ததோ எங்கள் பக்கத்தில் அல்ல, சித்தப்பா மகனின் அறையில். காரைக்குடியில் எங்களுடையதைப் போன்ற பெரிய வீடுகளில் முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகளுக்கு ஆளுக்கோர் அறை உண்டு. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. சென்னையில் இருக்கும் இந்தத் தம்பி, என் மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனவன். ஏனென்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. எலிகளுக்கு இந்த விவகாரம் தெரியாது. அவன் கதவின் அடியைக் கொறித்து ஓட்டை போட்டு, என் சமையல்கட்டுக்கு வந்துபோயின.

அரியக்குடியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. கால்நடை டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு போனேன். கண்ணில் பீளை கூடாது, மூக்கு ஒழுகக் கூடாது, காதுக்குள் கறுப்பாக அழுக்கு இருக்கக் கூடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பூச்சி. வாலைத் தூக்கியும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த வெள்ளைய எடுத்துக்கிருங்கண்ணே. மடியில வச்சா அசையாது" என்றார் சிநேகிதரின் மனைவி.

அசையாததுதான் எனக்குச் சந்தேகம். கையைத் தட்டினேன். வெள்ளை இன்னும் சுருண்டுகொண்டது. சாம்பல் நிறக் குட்டி ஒன்று மட்டும் ஓடிவந்து என் செருப்பு வாரைக் கடித்தது. பால் மறந்து சோறு தின்கிறது என்றார்கள். ஒயர் கூடையில் வைத்து, திரும்பிப் போக வழி தெரியாமலிருக்கத் துண்டால் மூடிக் கொண்டுவந்தேன்.

முற்றத்தில் துண்டை விலக்கியதும் குட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராகப் போய் அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. வயிறு உப்பாத குட்டி, தாராளமாக நுழைந்தது. உள்ளே ஏதோ பெரிதாக உருண்டு விழுந்தது. ஓட்டை அடைபட்டது.

பங்காளி பூட்டில் கை வைத்தால் அடுத்த சந்திப்பு கோர்ட்டில்தான். கதவோரம் உட்கார்ந்து பூனையிடம் நியாயம் பேசிப் பார்த்தேன். மதியம் முழுக்கக் கத்தியது. சாயங்காலம் குரல் மெலிந்து நின்றுபோனது. எனக்குப் பயமாகிவிட்டது.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "உங்க ரோசத்துக்கு அந்தச் சீவன் சாகணுமா? போனைப் போடுறீகளா இல்லையா?"

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே! யாருக்கு என்ன ஆச்சு?"

சாவு இல்லாமல் நான் கூப்பிட மாட்டேன் என்று நினைத்திருக்கிறான். அது சுருக்கென்றது.

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. பூனை."

"என்ன பூனை?"

அரியக்குடியிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "அட, இன்னும் ஏன் நிக்கிறீக? பூட்டை ஒடைங்கண்ணே!"

போனை அணைக்காமல் கீழே வைத்துவிட்டு, கடப்பாரையால் நெம்பி உடைத்தேன். பித்தளை அண்டா ஒன்று கதவோரம் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் ஒட்டடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது குட்டி. என் மனைவி வாரி எடுத்ததும் கத்தியது. அது அவனுக்கும் கேட்டது.

"இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு. புதுப் பூட்டுப் போட்டுச் சாவிய கூரியர்ல அனுப்பிடுறேன்."

"வேணாம்ண்ணே. தெறந்தே கெடக்கட்டும்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.