பதினொன்றாம் நம்பர் பேசிய வசனம்

சமுதாயக் கூடத்தில் அன்றைக்கு நானும் வேன் அண்ணனும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறோம், ஆனால் பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். நாடகத்தை எழுதி நடத்துகிறவர் அவர்தான். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வந்திருந்ததில் பாதிப் பேர் அந்த வேனில் போகிற பிள்ளைகள்.

"மூஞ்சியப் பாத்தா எனக்குப் பாசம் வந்துரும். அப்பறம் எம்புள்ளைய ஏன் எடுக்கலைன்னு அவுக அப்பாமாரு வந்து வேன மறிப்பாக" என்றார்.

ஆளுக்கொரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். குரலை மட்டும் கேட்டுப் பத்துக்கு மார்க் போட வேண்டும்.

நாடகம், ஒரு ஊருக்கு வராமல் நின்றுபோன டவுன் பஸ்ஸைப் பற்றியது. போன வருஷம் அதில் கண்டக்டராக நடித்தவன் என் அண்ணன். நான்கு மாதத்துக்கு முன்னால் திருமயம் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டான். நான் எட்டாவதோடு நின்றவள், தையல் கடையில் வேலை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அண்ணன் வீட்டில் வசனம் பேசிப் பேசிப் பார்த்ததில் முழு நாடகமும் எனக்குக் காதாலேயே மனப்பாடம். அதனால்தான் வேன் அண்ணன் என்னை மார்க் போடக் கூப்பிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேஷம் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்றுதான் நான் போனேன். எல்லோருக்கும் குறைத்துப் போட்டால் நாடகமே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் பத்துப் பேருக்கு இரண்டுக்கு மேல் போடவில்லை.

இன்னொன்றும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் போன். ஆஸ்பத்திரியிலிருந்து சட்டை வந்தது, பர்ஸ் வந்தது, ஒற்றைச் செருப்புகூட வந்தது. போன் மட்டும் வரவில்லை என்று அம்மா சொன்னாள். யாரோ எடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் வந்தவரைச் சந்தேகப்பட்டேன். துக்கத்துக்கு வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுத அவன் கூட்டாளியைச் சந்தேகப்பட்டேன். வேன் அண்ணன் பையிலிருந்து போனை எடுக்கும்போதெல்லாம் அதன் முதுகைப் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கும் பார்த்தேன்.

பதினொன்றாம் நம்பர் ஒரு பெண் குரல்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்கிறவுகளுக்குத் தனி பஸ்ஸு பின்னால வருதாக்கும்?"

வசனம் சரி. ஆனால் 'உள்ள' என்பதை அவள் இழுத்த இழுப்பு அண்ணனுடையது. அடுத்து அவள் சொன்னாள்:

"ஏய், சத்தத்தக் கொற. ஒருத்தன் இங்கிட்டு நின்னு கத்திக்கிட்டுக் கெடக்கேன்ல."

சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

வேன் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "போன்ல பாட்டுப் போட்டுக்கிட்டு வர்றவனத் திட்டுறா பாரு. நான் இத எழுதவே இல்ல தங்கச்சி. அதுவா வருது புள்ளைக்கு."

அது நாடகத்து வசனமே இல்லை. அண்ணன் என்னைச் சொன்னது. வசனத்தைப் போனில் பதிந்து, திரும்பத் திரும்பக் கேட்பது அண்ணனின் பழக்கம். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் டிவியைக் கத்த வைத்திருந்தேன். அப்போது திட்டியது. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவனும் நானும் அந்தப் போனும்தான்.

சட்டத்தை மீறித் திரும்பினேன். பதினாறு வயசு இருக்கும். ரெட்டைச் சடை. என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் மார்க் போடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

முடிந்ததும் வெளியே குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"எந்த ஊரு நீ?"

"ஆதனக்கோட்டப் பக்கம்க்கா."

"அந்த வசனம் பேப்பர்ல இல்லையே. எங்க கேட்ட?"

"போன்ல."

"யாரு போன்ல?"

அவள் கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காகக்கா" என்றாள்.

"களவாண்ட போனா?"

"நாங்க ஒழச்சுத் திங்கிறவுக. பேச்ச அளந்து பேசுங்க" என்று கையை ஓங்கிக் காட்டினாள். அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன். நகமெல்லாம் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும். என் அம்மாவின் கையும் அப்படித்தான் இருக்கும்.

அப்போதும் எனக்குப் புத்தி வேறு பக்கம்தான் போனது. திருடியவன் போனை அம்மா வேலை பார்க்கும் கொட்டகையில் யாருக்கோ விற்றிருக்கிறான் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் அம்மாவின் சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். தூக்குவாளிக்கு அடியில் ஒரு சார்ஜர் சுருட்டி வைத்திருந்தது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இது அதில் நுழையாது.

கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லி மறைப்பாள். மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் போனேன்.

கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வறுத்த கொட்டைகளைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சாக்குமேல் அண்ணனின் போன். மூலையில் அதே கீறல். அவன் பேசிக்கொண்டிருந்தான். படியில நிக்கிறவுகளுக்கு என்று அவன் ஆரம்பிக்க, தனி பஸ்ஸு என்று ஒரு கிழவி முடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சத்தத்தக் கொற" என்றது போன். அதற்குப் பின்னால் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "முடியாது, போடா."

நான்தான்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கை தானாகப் போனை எடுத்து மடியில் பொத்திக்கொண்டது.

"ஏம்மா மறைச்ச?"

"நீ ஒடச்சுப் போட்டுருவேன்னுதான்."

"நான் ஏன் ஒடைக்கப் போறேன்?"

"எட்டாம் நாளு ஒன் சித்தப்பா மகன் போன்ல அவன் பேசுனதப் போட்டானே. நீ புடுங்கிச் செவுத்துல அடிக்கலையா? இதையும் அடிச்சுட்டா நான் எங்கிட்டுப் போயி அவன் கொரலக் கேப்பேன்?"

அடித்தது உண்மை.

பக்கத்திலிருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுதானா அந்த டிவிக்காரி? தெனமும் ஒங்கொரலக் கேக்குறோம், ஆள இன்னைக்குத்தான் பாக்குறோம். நேத்து நீ களவாணின்னு கேட்டது எம்மகளத்தான். லீவு நாள்ல எங்கூட வந்து இதக் கேட்டே பழகிருச்சு. திட்டுனதையும் வசனம்னு நெனச்சுப் படிச்சுருக்கு, மக்கு."

"தப்பாக் கேட்டுட்டேன் சித்தி" என்றேன்.

"அவ ராத்திரி சோறு திங்கல. வேசம் கெடைக்காதுன்னு அழுவுறா. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய, அவகிட்டச் சொல்லு."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். போனை மடியிலிருந்து எடுத்து மறுபடி சாக்குமேல் வைத்தாள். ஆனால் என் பக்கம் இல்லை, தள்ளி, அவளுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். என்னை அவள் இன்னும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

மத்தியானம் வேன் அண்ணன் என் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மத்தவுகளுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு போட்டுருக்க, அது ஒம்பாடு. பதினொண்ணுக்கு ஒண்ணுமே போடலையே."

"ஒம்பது போட்டுக்கங்கண்ணே."

"அடேயப்பா. அந்த ஒண்ண ஏன் புடிச்சு வச்சுக்கிட்ட?"

"எங்கண்ணன் அதவிட எரிச்சலாத் திட்டுவான்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "அந்தச் சத்தத்தக் கொற வசனத்த நோட்டுல எழுதிச் சேத்துட்டேன்" என்றார்.

"அதுக்கு ஒரு பதில் இருக்குண்ணே. பாட்டுக் கேக்குற ஆளு, முடியாது போடான்னு சொல்லணும்."

"பொம்பளப் புள்ள கண்டக்டராச்சே. போடின்னு மாத்திக்கிருவமா?"

கொஞ்சம் யோசித்தேன். மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.