நூற்றைம்பத்து மூன்றாவது விளக்கு

கோபம் வந்தால் ரேமண்ட் ஊரே கேட்கக் கத்துவார். பயம் வந்தால் வாயே திறக்காமல் பீடி பற்ற வைப்பார். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் உவரி மாதா கோயில் முற்றத்தில் நின்று ஒன்று மாற்றி ஒன்று பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

இளவயதில் படகுகளுக்குப் பாய் தைத்தவர் அவர். படகுக்கெல்லாம் இன்ஜின் வந்த பிறகு பந்தல் துணி, லாரித் தார்ப்பாய் என்று தைத்தே மகள் அபிஷாவைக் கல்லூரியில் கணக்குப் படிக்க வைத்துவிட்டார்.

இந்த வருடம் கோயில் முகப்பில் விளக்குச் சட்டம் கட்டுவது அவர் பொறுப்பு. ஆண்டவர் சொன்ன பக்கம் வலை வீசியதும் நூற்றைம்பத்து மூன்று மீன் அகப்பட்டதாக வேதத்தில் இருக்கிறதே, அதற்காக நூற்றைம்பத்து மூன்று விளக்கு. குடும்பத்துக்கு ஒன்று. பங்குச் சாமியார் கேட்டது வரிசைக்குப் பதினேழாக ஒன்பது வரிசை. மூங்கிலைக் கண்ட ரேமண்டின் கை சாமியார் பேச்சைக் கேட்கவில்லை, முக்கோணப் பாய் வடிவத்தில் கட்டிவிட்டது. உச்சியில் ஒரு கொக்கி, அதன் கீழே இரண்டு, பிறகு மூன்று, இப்படியே அடிவரிசையில் பதினேழு. பார்த்தவர்களெல்லாம் அழகு என்றார்கள்.

பிறகுதான் மனக்கணக்குப் போட்டார். பதினேழுக்குப் பதினேழு இருநூற்று எண்பத்தொன்பது. சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் பாதி, நூற்று நாற்பத்து நாலரை. எட்டொன்பது குடும்பத்துக்கு இடமில்லை!

கொக்கிகளை எண்ணிப் பார்த்தால் என்ன என்பீர்கள். எண்ணினால் இல்லையென்று உறுதியாகிவிடுமே!

கடைசியாகப் பெயர் கொடுத்தவன் அவர் தம்பி எட்வின். படகுப் பங்கில் சண்டை போட்டுப் பல வருடம் பேசாமலிருந்தவன், போன ஈஸ்டருக்குத்தான் வாய் திறந்தான். அவன் விளக்குக்கு இடமில்லையென்றால் அண்ணன் வேண்டுமென்றே ஒதுக்கியதாகத்தான் நினைப்பான். ரேமண்ட் இன்னொரு பீடியைப் பற்ற வைத்தார்.

"அப்பா, இந்த நூத்தியம்பத்தி மூணு அதிசயமான எண்ணு. ஒண்ணு, அஞ்சு, மூணு, ஒவ்வொண்ணையும் மூணு தடவ வச்சுப் பெருக்கிக் கூட்டுனா ஒண்ணு, நூத்தியிருபத்தஞ்சு, இருபத்தேழு. திரும்பவும் நூத்தியம்பத்தி மூணே வரும்" என்றாள் அபிஷா.

"அது வரட்டும் தாயி. ஒஞ் சித்தப்பனுக்குக் கொக்கி வருமா?"

விஷயம் கேட்ட மனைவி ஃபிளோரா தலையிலடித்துக்கொண்டாள். "துணின்னா வெட்டுன கோட்டுல ரெண்டாப் போவும். அந்தக் கோட்டுல நிக்கிற வெளக்கயும் பாதியா வெட்டியா தொங்கவிடப் போறிய?"

ரேமண்ட் நிமிர்ந்து பார்த்தார். சரிந்த விளிம்பில் வரிசைக்கு ஒன்றாகப் பதினேழு கொக்கி, அத்தனையும் முழுசு. அவற்றை அல்லவா பாதியாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்! விட்டுப்போன பாதிகள் சேர்ந்தால் எட்டரை. நாலரையோடு எட்டரை பதின்மூன்று. நூற்று நாற்பதும் பதின்மூன்றும்...

"ஏ மாதாவே!" என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து விரல் வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. பீடியைத் தூர எறிந்தார்.

மறுநாள் விளக்குகள் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் எட்வின் விளக்கோடு தயங்கி நின்றான். "எனக்கும் எடம் இருக்காண்ணே?"

"ஒனக்கு இல்லாம எப்டிலே? கட்டும்போதே கணக்கு வச்சுத்தான கட்டுனேன்!"

ஃபிளோரா இருமினாள். எட்வின் அடிவரிசையின் கடைசிக் கொக்கியில் விளக்கை மாட்டினான். ரேமண்ட் அவன் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.